கண்ணாடியில் எழுதிய எண்
(மேல்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



திருநாராயணபுரம் என்ற இந்த மேல்கோட்டையில் பேச அழைத்தால் உரைநூல்களைப் பற்றியோ சுவடிகளைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். எனக்குத் தெரிந்தது பகுப்பாய்வு வேதியியல். அதிலும் ஆய்வகங்களில் யாரும் பேச்சாகவே எடுக்காத பகுதியை இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கரைசலைத் துல்லியமாக நீர்க்க வேண்டுமானால் எந்தக் கண்ணாடிக் கலத்தை எடுப்பது, எடுத்ததை எப்படித் தயார் செய்வது? இரண்டரை லட்சம் ரூபாய்க் கருவியைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்பவர்கள், அந்தக் கருவிக்குக் கரைசல் ஊட்டும் பிப்பெட்டைப் பற்றி ஐந்து நிமிடம் கேட்பதில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு குடுவையில் 100 மி.லி. என்று எழுதியிருந்தால் அந்த எண் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டே உண்மையாகும். எந்த வெப்பநிலையில், எந்தத் திரவத்தோடு, எப்படிக் கழுவி, கொள்ளளவாகவா வடித்த அளவாகவா, எத்தனை நொடி பொறுத்து என்பவையே அந்த நிபந்தனைகள். நீர்த்தலில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இவற்றில் ஒன்றை மீறியதால் வருவது.

நம் முன்னோருக்கு இது புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் நெல்லை வெறும் கலமாகவும் மரக்காலாகவும் சொல்லி நிறுத்துவதில்லை. ஆடவல்லான் என்ற பெயருள்ள மரக்காலால் அளந்தது என்று எந்த மரக்கால் என்பதையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். அளவோடு அளந்த கலத்தையும் சொன்னால்தான் பின்னால் வழக்கு வராது.

வழக்கு என்றதும் மைசூர் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2003 ஆகஸ்டில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. நாடாளுமன்றம் கொந்தளித்தது. அரசு மாதிரிகளை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பியது. ஒன்று கொல்கத்தாவின் மத்திய உணவு ஆய்வகம். மற்றொன்று மைசூர் செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம். எச்சம் இருப்பது உறுதியானது, ஆனால் எண்கள் ஒத்துப்போகவில்லை. சரத் பவார் தலைமையில் கூட்டு நாடாளுமன்றக் குழு அமைந்து, 2004 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. எண்கள் வேறுபட்டதற்குக் கண்ணாடிக் கலம் காரணம் என்று நான் சொல்லவில்லை. சோதித்த புட்டிகளே வேறு வேறு தயாரிப்புத் தொகுதிகளைச் சேர்ந்தவை. நான் கவனிக்கச் சொல்வது அளவின் சிறுமையை. அப்போது ஒப்பிட்டுப் பேசப்பட்ட ஐரோப்பிய வரம்பு, ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக்கும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். அவ்வளவு சிறிய எண்ணை நாடாளுமன்றத்தில் வைத்துப் பேச வேண்டுமானால் அதன் அடியில் இருக்கும் நீர்த்தல் ஒவ்வொன்றும் கேள்விக்கு நிற்க வேண்டும்.

1. கலத்தின் வகை

பீக்கரிலும் கூம்புக் குடுவையிலும் உள்ள கோடுகள் அளவே அல்ல. அவை ஐந்து சதவீதம் வரை பிசகும் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். அளவு உருளை, மிகையாகச் சேர்க்கும் அமிலத்துக்கும் தாங்கல் கரைசலுக்கும் போதும். நீர்த்தலுக்கு இரண்டே கலங்கள்: ஒற்றைக் கோட்டுப் பிப்பெட், மாணவர்கள் ஸ்டாண்டர்ட் பிளாஸ்க் என்று சொல்லும் திட்டக் குடுவை.

இந்த இரண்டிலும் உள்ள எண்களின் பொருள் வேறு. குடுவையில் 'இன்' என்றோ 'டி.சி.' என்றோ பொறித்திருக்கும். கோடுவரை நிரப்பினால் உள்ளே 100 மி.லி. இருக்கிறது என்று பொருள். அதைக் கவிழ்த்தால் 100 மி.லி. வெளியே வராது, சுவரில் ஒட்டியது உள்ளேயே நின்றுவிடும். பிப்பெட்டில் 'எக்ஸ்' அல்லது 'டி.டி.' என்றிருக்கும். அதிலிருந்து வடிவது 10 மி.லி. நுனியில் தங்கும் துளியைக் கழித்துத்தான் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தத் துளியை ஊதித் தள்ளினால் அளவு கூடிவிடும். சில பிப்பெட்டுகளில் 'எக்ஸ் + 5 எஸ்' என்று பார்த்திருப்பீர்கள். வடிந்து நின்ற பிறகு நுனியைக் கலத்தின் சுவரில் தொட்டபடி ஐந்து நொடி பொறு என்பதே அதன் பொருள். ஊதித் தள்ள வேண்டிய படிக்கோட்டுப் பிப்பெட் தனி இனம், அதன் தலையில் வளையம் போட்டிருக்கும். இரண்டையும் ஒரே தாங்கியில் கலந்து வைத்திருக்கும் கல்லூரிகள் அநேகம்.

பிறகு வகுப்பு. 'ஏ' வகுப்பின் பிழை வரம்பு 'பி' வகுப்பினதில் ஏறத்தாழப் பாதி. 'பி' வகுப்பு வாங்குவதில் குற்றமில்லை. வாங்கியதை எடை போட்டுப் பார்க்காமல் நம்புவதுதான் தவறு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

2. எத்தனை படி

ஒரு கரைசலை ஆயிரம் மடங்கு நீர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'ஏ' வகுப்புக்குச் சர்வதேசத் தரம் அனுமதிக்கும் பிழை இது: 1 மி.லி. பிப்பெட்டுக்கு 0.008 மி.லி., 10 மி.லி. பிப்பெட்டுக்கு 0.02, 100 மி.லி. குடுவைக்கு 0.10, 1000 மி.லி. குடுவைக்கு 0.40. சதவீதமாக்கினால் முறையே 0.8, 0.2, 0.1, 0.04. கலம் சிறுத்தால் சதவீதம் பெருக்கிறது. கதை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

1 மி.லி. எடுத்து 1000 மி.லி. ஆக்கினால் ஒரே படியில் வேலை முடிகிறது, பிழை 0.8 சதவீதம். 10 மி.லி. எடுத்து 1000 மி.லி. ஆக்கி, அதில் வேறொரு பிப்பெட்டால் 10 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கினால் படிகள் இரண்டு, பிழையோ 0.3 சதவீதம்தான். படி கூடினால் பிழை கூடும் என்ற பொது நம்பிக்கை இங்கே பொய்க்கிறது. 10-லிருந்து 100 என்று மூன்று படி இறங்கினால் 0.39 சதவீதம். ஆனால் அந்த மூன்று படிக்கும் ஒரே பிப்பெட்டையும் ஒரே குடுவையையும் கழுவிக் கழுவிப் பயன்படுத்தினால் 0.67 ஆகிவிடும். வெவ்வேறு கலங்களின் பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டும். ஒரே கலத்தின் பிழை மூன்று முறையும் ஒரே பக்கம் இழுக்கும். மூன்று பிப்பெட் வாங்கச் சொன்னால் வீண்செலவு என்று முகம் சுளிக்கும் கொள்முதல் அலுவலர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

நுண்பிப்பெட்டுக்கும் இதே கணக்குதான். 1000 மைக்ரோலிட்டர் நுண்பிப்பெட்டுக்குத் தரம் அனுமதிக்கும் பிழை 8 மைக்ரோலிட்டர். அதே பிப்பெட்டைத் திருகிக் குறைத்து 100 மைக்ரோலிட்டர் எடுத்தாலும் வரம்பு அந்த 8 தான், அதாவது எட்டு சதவீதம்.

நம் பக்கத்துக் குடிநீர் ஆய்வுக்கு இது நேரடியாகப் பொருந்தும். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காதபோது 1.5 வரை அனுமதி என்பது இந்தியத் தரம் 10500. இதை அளக்க மூலக் கரைசல் வேண்டும். நீரற்ற சோடியம் ஃபுளோரைடு 221.0 மில்லிகிராமை ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபுளோரைடு. வழக்கமான செய்முறை அதில் 100 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்கச் சொல்கிறது. 1 மி.லி. எடுத்து 10 மி.லி. ஆக்கினாலும் அதே செறிவுதானே, வாலை வடிநீரும் மிச்சமாகுமே என்று கேட்கலாம். பிழையைப் பாருங்கள். 100 மி.லி. பிப்பெட்டின் வரம்பு 0.08 சதவீதம், 1 மி.லி. பிப்பெட்டினது அதைப் போல் பத்து மடங்கு. ஓர் ஊரின் கிணற்று நீர் 1.48 என்றோ 1.52 என்றோ வரும்போது, அந்த வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறதா பிப்பெட்டில் இருக்கிறதா என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

3. கழுவுதல்

இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். ஆய்வகத்தில் மிகக் கீழான வேலையாகக் கருதப்படுவதும், பிழை மிகப் பெரிதாக வருவதும் இங்கேதான்.

லிட்டருக்கு 1000 மில்லிகிராம் செறிவுள்ள பூச்சிக்கொல்லிக் கரைசலைப் பிப்பெட்டில் எடுத்து வடித்துவிட்டீர்கள். சுவரில் 0.05 மி.லி. ஒட்டியிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. அந்தப் படலத்தில் இருப்பது 50 மைக்ரோகிராம். ஒரு லிட்டர் மாதிரியில் நீங்கள் தேடப்போவதோ 0.1 மைக்ரோகிராம். தேடும் பொருளைப் போல் ஐந்நூறு மடங்கு உங்கள் கையிலேயே ஒட்டியிருக்கிறது.

இதை 5 மி.லி. கரைப்பானால் அலசினால் எச்சம் ஏறத்தாழ நூறில் ஒன்றாகும், 0.5 மைக்ரோகிராம். மறுபடி 5 மி.லி., 0.005. மூன்றாம் முறை 0.00005. மாறாக அதே 15 மி.லி. கரைப்பானையும் ஒரே தடவையில் ஊற்றி அலசினால் நிற்பது 0.17 மைக்ரோகிராம். செலவு ஒன்றுதான், விளைவில் மூவாயிரம் மடங்கு வித்தியாசம். ஆய்வகங்களில் மும்முறை அலசு என்பதைச் சடங்கு மாதிரி சொல்லித் தருகிறார்கள். சடங்குக்குப் பின்னால் இருப்பது இந்த வகுத்தல் கணக்கு. பொருள் கண்ணாடியில் பற்றிக்கொள்ளும் இயல்புடையதானால் இந்தக் கணக்கும் போதாது. அதனால்தான் எச்ச ஆய்வு செய்பவர்கள் மூலக் கரைசலுக்கு ஒரு தொகுதிக் கலங்களையும் மாதிரிக்கு இன்னொரு தொகுதியையும் ஒதுக்கி, இரண்டையும் ஒன்றாகக் கழுவக்கூட விடுவதில்லை.

சுத்தமானதா என்பதற்கு ஒரே சோதனைதான். தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். சுவரில் படலம் அறுபடாமல் இறங்கினால் சுத்தம், துளிதுளியாக நின்றால் எண்ணெய்ப் பசை இருக்கிறது. பசையுள்ள பிப்பெட் நுனியில் துளி தங்குவதோடு சுவரெல்லாம் துளி தங்கும், எழுதிய எண் பொய்யாகும். முன்பெல்லாம் இதற்குக் குரோமிக் அமிலக் கலவைதான் மருந்து. ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது, கண்ணாடியிலும் பற்றிக்கொள்வது, அதை விட்டுவிடுங்கள். டீபால் போன்ற சலவை நீர்மமும், தேவையானால் இரவு முழுக்க ஊறலும் போதும். பாஸ்பேட் அளக்கப்போகிறவர் பாஸ்பேட் கலந்த சலவைத்தூளைத் தொடக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் தொடுகிறார்கள். உலோகங்களுக்குப் பத்து சதவீத நைட்ரிக் அமில ஊறல். பூச்சிக்கொல்லிக்கு அசிட்டோன், பிறகு ஹெக்சேன், வாயை மூட அலுமினியத் தாள். எல்லாவற்றிலும் கடைசி அலசல் வாலை வடிநீரிலோ பயன்படுத்தப்போகும் கரைப்பானிலோ இருக்க வேண்டும். குழாய் நீரில் அலசிக் காயவைத்தால் கடின நீரின் உப்பு உள்சுவரில் பூக்கும்.

இப்போது மாணவர்கள் தலைகீழாகச் செய்யும் ஒன்று. பிப்பெட்டை எடுக்கப்போகும் கரைசலாலேயே இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். இல்லையென்றால் உள்ளே நிற்கும் தண்ணீர் கரைசலை நீர்த்துவிடும். திட்டக் குடுவையை அந்தக் கரைசலால் அலசவே கூடாது. அலசினால் பிப்பெட்டால் அளந்து ஊற்றியதற்கு மேல் கொஞ்சம் பொருள் குடுவைக்குள் நுழைந்துவிடும். குடுவைக்குள் ஈரம் இருந்தால் என்ன? அதே கரைப்பானின் ஈரமானால் ஒன்றுமில்லை, கோடுவரை அதைத்தானே ஊற்றப்போகிறோம். காய வைக்க வேண்டுமென்று குடுவையை அனலடுப்பில் தள்ளும் பழக்கம் தேவையற்றது. பிப்பெட்டில் செறிவைக் காக்கிறோம், குடுவையில் பொருளின் அளவைக் காக்கிறோம் என்று புரிந்துகொண்டால் எதை எதால் அலசுவது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கண்ணாடியே கூடாத இடங்களும் உண்டு. போரோசிலிகேட் கண்ணாடி போரானையும் சோடியத்தையும் சிலிக்காவையும் மிகச் சிறிய அளவில் நீரில் விடும். இவற்றையே நுண்ணளவில் தேடுகிறவர் பாலிபுரொப்பிலீன் கலத்துக்கு மாற வேண்டும். ஃபுளோரைடுக் கரைசலைப் பாலித்தீன் புட்டியில்தான் வைக்க வேண்டும். ஈயம் போன்ற உலோக அயனிகள் நீர்த்த கரைசலிலிருந்து சுவருக்குப் போய்விடும், நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். 2-க்குக் கீழே வைத்தால் கரைசலில் நிற்கும். காரக் கரைசலைத் திட்டக் குடுவையில் தங்கவிட்டால் கண்ணாடி அரிக்கும், மூடியும் இறுகிப்போகும். திட்டக் குடுவை கரைசல் தயாரிக்கும் இடமே தவிரச் சேமிக்கும் இடமில்லை.

4. வெப்பநிலை

குடுவையில் பெரும்பாலும் 20 டிகிரி என்று பொறித்திருக்கும். நம் நாட்டுத் தரத்தில் 27 டிகிரி. வெப்ப நாடுகளுக்கு 27 என்று சர்வதேசத் தரமே இடம் தந்திருக்கிறது. 20 என்று பொறித்த குடுவையை 27-ல் பயன்படுத்தலாமா என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. தாராளமாக. போரோசிலிகேட் குடுவை இந்த ஏழு டிகிரியில் லிட்டருக்கு 0.07 மி.லி.தான் விரிகிறது, அனுமதித்த பிழையோ 0.40.

கவலைப்பட வேண்டியது உள்ளே இருக்கும் திரவத்தைப் பற்றி. அதே ஏழு டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 1.7 மி.லி. விரியும். ஹெக்சேனும் அசிட்டோனும் ஒவ்வொரு டிகிரிக்கும் லிட்டருக்குச் சுமார் 1.4 மி.லி. விரிபவை. குளிர்பெட்டியில் 4 டிகிரியில் இருந்த ஹெக்சேன் கரைசலை எடுத்த கையோடு பிப்பெட்டில் இழுத்தால், 27 டிகிரியில் இழுப்பதைவிட மூன்று சதவீதத்துக்கு மேல் கூடுதலான பொருள் வரும். இரண்டாம் பகுதியில் 0.3-க்கும் 0.8-க்கும் கணக்குப் பார்த்ததெல்லாம் இங்கே ஒரு நொடியில் அடித்துக்கொண்டு போய்விடும். அரை மணி நேரம் மேசைமேல் வைத்துவிட்டு எடுப்பதே இதற்கு மருந்து.

கரையும்போது சூடாகும் பொருள்களுக்கும் இதே விதி. கந்தக அமிலத்தை நீரில் சேர்த்ததும் கோடுவரை நிரப்பினால் ஆறியபின் மட்டம் கோட்டுக்குக் கீழே போய்விடும். முக்கால் குடுவை நிரப்பி, சுழற்றிக் கலந்து, ஆறவிட்டு, பிறகுதான் கோட்டுக்கு. எத்தனாலும் நீரும் கலக்கும்போது கன அளவே சுருங்கும். 50-ம் 50-ம் சேர்ந்தால் 97-ஐக்கூட எட்டாது. கோடுவரை நிரப்புதல் என்ற முறை ஏற்பட்டதன் நியாயம் இதில் தெரியும்.

5. கண்ணும் கோடும்

இது எல்லோருக்கும் தெரிந்தது, சுருக்கிவிடுகிறேன். பிறைத்தளத்தின் அடி கோட்டைத் தொட வேண்டும், கண் கோட்டின் மட்டத்தில் இருக்க வேண்டும், பின்னால் ஒரு கறுப்பு அட்டை. பெர்மாங்கனேட் போன்ற கருநிறக் கரைசலுக்கு மேல் விளிம்பு. நிரப்பிய பின் குடுவையைப் பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும், கழுத்தில் நிற்கும் நீர் தானாகக் கீழே வந்து கலக்காது.

6. எடை போட்டுப் பார்த்தல்

எழுதிய எண்ணைச் சரிபார்க்கத் தண்ணீரும் மில்லிகிராம் காட்டும் தராசும் வெப்பமானியும் போதும். 27 டிகிரியில் ஒரு மில்லிலிட்டர் நீர் 0.9965 கிராம். காற்று தண்ணீரைச் சற்றே தூக்கிப் பிடிப்பதால் தராசு இன்னும் கொஞ்சம் குறைத்துக் காட்டும். சென்னைபோன்ற கடலோர ஊரில் தராசு காட்டும் கிராமை 1.0045-ஆல் பெருக்கினால் மில்லிலிட்டர் வரும். மைசூர் கடல்மட்டத்திலிருந்து 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றின் அடர்த்தி குறைவு, அங்கே 1.0044. இந்த வித்தியாசம் 10 மி.லி.யில் ஒரு மில்லிகிராம்தான், நம் வேலைக்குப் பொருட்டில்லை. என்றாலும் மலைமேல் வந்து பேசும்போது சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஆக மைசூரில் நல்ல 10 மி.லி. பிப்பெட் 27 டிகிரியில் வடிக்க வேண்டியது 9.956 கிராம். மூடியுள்ள சிறு புட்டியில் வடித்து எடை பாருங்கள், மூடி இல்லாவிட்டால் ஆவியாவது எடையில் தெரியும். பத்து முறை செய்து சராசரி எடுங்கள். 9.936-க்கும் 9.976-க்கும் இடையில் விழுந்தால் 'ஏ' வகுப்பு வரம்புக்குள் இருக்கிறது. பத்து எடைகளும் ஒன்றுக்கொன்று சிதறினால் குறை பிப்பெட்டில் இல்லை, வடிக்கும் கையிலோ சுத்தத்திலோ இருக்கிறது.

சிதறாமல் பத்தும் 9.920-ஐச் சுற்றியே வந்தால்? பல இடங்களில் அந்தப் பிப்பெட்டைக் குப்பையில் போடுகிறார்கள். அவசியமில்லை. 9.920-ஐ 1.0044-ஆல் பெருக்கினால் 9.964. உங்களிடம் இருப்பது மிக நல்ல 9.964 மி.லி. பிப்பெட். தண்டில் ஓர் அடையாள எண்ணைப் பொறித்து, பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே 9.964, 27 டிகிரி, தேதி, எடை பார்த்தவர் பெயர் என்று எழுதிக்கொள்ளுங்கள். கணக்கில் 10-க்குப் பதில் அதைப் போடுங்கள். நுனி உடைந்தாலோ ஓராண்டு கடந்தாலோ மறுபடி எடை. நுனியில் சிறு பிசிறு விழுந்தாலும் வடியும் நேரம் மாறிவிடும், அப்போது பழைய எண்ணைப் பதிவேட்டில் அடித்துவிட வேண்டும்.